ராஜபார்ட் கோச்

அட்லாண்டா நகரம், ஜார்ஜியா டெக் கல்லூரி மைதானம். சீசனின் முதல் நாள் பயிற்சி. புதிதாகச் சேர்ந்த பையன்கள் வரிசைகட்டி நிற்கிறார்கள். எதிரே நடுத்தர உயரத்தில், விறைத்த முதுகோடு ஒரு மனிதர். கையிலிருக்கும் பந்தைத் தூக்கிக் காட்டி, "இது என்ன?" என்று கேட்கிறார். பந்து என்று சொல்ல ஒருத்தனுக்கும் துணிச்சல் இல்லை. வாத்தியாரே பதிலும் சொல்கிறார், அதுவும் வடிவியல் பாடம் எடுப்பதுபோல. இது ஒரு நீள்கோளம். உள்ளே ரப்பர்ப் பை, அதன் மேல் இறுக்கி இழுத்த தோல். அப்புறம்தான் இடி இறங்குகிறது. இந்தப் பந்தைக் கைநழுவ விடுவதைவிட, சின்னப் பிள்ளையாக இருந்தபோதே செத்துப்போயிருக்கலாமாம்!

என்ன ஒரு அறிமுகக் காட்சி! கைதட்டாமல் இருக்க முடிகிறதா? ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் இதே வசனம்தான் என்கிறார்கள். சரி, மைதானம் போதும். வாருங்கள், கொல்லைப்புறமாக உள்ளே நுழைவோம்.

முதலில் குளியலறை. வெந்நீர்க் குழாய் இருக்கிறது, திறக்கக் கூடாது. சோப்பும் ஆகாது. வாரநாட்களில் இரண்டுக்கும் தடை; உடம்பைத் தளர்த்திவிடும் என்பது வாத்தியாரின் சித்தாந்தம். புழுதியில் புரண்டு எழுந்த இருபது முப்பது பையன்கள் பச்சைத்தண்ணீரில் சோப்பில்லாமல் குளித்துவிட்டு வரும் அறையின் வாசனையை நான் வர்ணிக்கப் போவதில்லை. அடுத்து சாப்பாட்டு மேசை. பன்றிக்கறி இல்லை, கேக் வகையறா இல்லை, சூடான ரொட்டி, கொட்டைப் பருப்புகள், காபி எதுவும் இல்லை. ஆப்பிள்கூடக் கிடையாது. ஆப்பிள் என்ன பாவம் செய்தது என்று கேட்காதீர்கள், அதற்கு இந்தக் கதையில் பிறகு ஒரு வேஷம் இருக்கிறது. பையன்களுக்கு இத்தனை பத்தியம் வைத்தவர் வீட்டில் 'வூ' என்றொரு பூடில் நாய் இருந்தது. அதற்கு மட்டும் ஐஸ்கிரீம்!

அவர் பெயர் ஜான் வில்லியம் ஹைஸ்மன். அமெரிக்காவில் இந்தப் பெயரைச் சொன்னால் மனிதர் யாருக்கும் நினைவுக்கு வரமாட்டார். ஒரு வெண்கலச் சிலைதான் வரும். ஆண்டுதோறும் டிசம்பரில் கல்லூரி ஆட்டக்காரர்களில் மிகச் சிறந்த ஒருவனுக்குத் தரப்படும் ஹைஸ்மன் டிராஃபி அது. இடுப்பில் பந்தை அணைத்துக்கொண்டு, மறு கையை நீட்டி எதிரியைத் தள்ளியபடி ஓடும் ஒரு வீரன். சிலை ரொம்ப கம்பீரம். பெயருக்குச் சொந்தக்காரரோ கோடை வந்தால் மேக்கப் போட்டுக்கொண்டு நாடக மேடை ஏறிய ஆசாமி! இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் அவருடைய மைதான வித்தைகள் எல்லாம் வேறு மாதிரித் தெரியத் தொடங்கும். எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு அவசரமாக ஒரு குறிப்பு. உலகக்கோப்பைக் கால்பந்தை மறந்துவிடுங்கள். இது பதினொரு பேர் பதினொரு பேரோடு முட்டிமோதி, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டும் ஆட்டம். தாண்டினால் டச்டவுன். குறிப்பிட்ட வாய்ப்புகளுக்குள் குறிப்பிட்ட தூரம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். இவ்வளவு போதும், கதைக்குப் போவோம்.

ஹைஸ்மன் பிறந்தது 1869 அக்டோபர் 23, ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில். அமெரிக்காவின் முதல் கல்லூரி ஃபுட்பால் போட்டியாகக் கணக்கில் வைத்திருக்கும் ரட்கர்ஸ்–பிரின்ஸ்டன் ஆட்டம் அதே ஆண்டு நவம்பர் 6. சரியாக இரண்டு வாரம்! ஜாதகப் பொருத்தம் என்றால் இதுவல்லவா? வளர்ந்தது பென்சில்வேனியாவில், எண்ணெய்க் கிணறுகளுக்குப் பேர்போன டைட்டஸ்வில் ஊரில். அப்பா எண்ணெய் நிரப்பும் மரப்பீப்பாய்கள் செய்தவர். மகன் விளையாடும் ஃபுட்பால் அவருக்குக் காட்டுமிராண்டித்தனமாகப் பட்டது, பார்க்கவே வரமாட்டாராம். 1887-ல் பள்ளியை முடித்தபோது ஹைஸ்மன் வகுப்பில் இரண்டாவது. பட்டமளிப்பு நாளில் பேசச் சொன்னார்கள். பையன் எடுத்துக்கொண்ட தலைப்பு, நாடக ஆசிரியனே போதகன் என்பதாக. பாருங்கள், விளையும் பயிர்!

பிறகு பிரவுன் பல்கலைக்கழகம், அதன்பின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சட்டப்படிப்பு. இரண்டு இடத்திலும் ஆடினார். எடை 158 பவுண்டு, அதாவது 72 கிலோ. முன்வரிசையில் மலைமாதிரி ஆட்கள் மோதிக்கொள்ளும் இடத்தில் இந்த உடம்போடு நின்றது சாதாரண விஷயமல்ல. ஆனால் அவரை வீழ்த்தியது எதிராளி இல்லை, விளக்கு! நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கூரைக்கு அடியில், மின்விளக்கு வெளிச்சத்தில் ஓர் ஆட்டம். அந்த வெளிச்சம் கண்ணைப் பாதித்துவிட்டது. இறுதித் தேர்வைக்கூட எழுத முடியாமல் வாய்மொழியாகவே சொல்லித் தேறினார். கண்ணுக்கு ஓய்வு கொடு, புத்தகம் பக்கம் போகாதே என்றார்கள் மருத்துவர்கள். வக்கீல் ஆக வேண்டியவர் 1892-ல் ஓஹையோவின் ஓபர்லின் கல்லூரிக்கு கோச் ஆனார். கட்சிக்காரர்களுக்கு நஷ்டம், நமக்கு லாபம்.

முதல் சீசனிலேயே ஓபர்லின் யாருக்கும் தலைவணங்கவில்லை. ஓஹையோ ஸ்டேட்டை இரண்டு முறை சந்தித்து 40–0, 50–0 என்று அனுப்பிவைத்தது. ஆனால் அந்த ஆண்டின் உச்சக்கட்டக் கூத்து மிச்சிகனோடு நடந்தது. ஓபர்லின் பையன்கள் ஊருக்குத் திரும்பக் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும். அதற்காக ஆட்டத்தை 4:50-க்கு முடிப்பதாக இரு தரப்பும் முன்கூட்டியே பேசிக்கொண்டார்கள். ஓபர்லின் 24–22 என்று முன்னிலை. நேரம் முடிந்தது என்றார் ஓபர்லின் பக்கத்து அதிகாரி. இன்னும் நாலு நிமிடம் இருக்கிறது என்றார் மிச்சிகன் பக்கத்து அதிகாரி. ஓபர்லின் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டது. எதிரே ஆளே இல்லாத மைதானத்தில் மிச்சிகன் சாவகாசமாக நடந்துபோய் ஒரு டச்டவுன் போட்டு, 26–24 நாங்களே ஜெயித்தோம் என்று எழுதிக்கொண்டது. இரண்டு கல்லூரிகளின் ஏட்டிலும் இன்றுவரை அது வெற்றிதான்!

அடுத்து ஏக்ரனில் பக்டெல் கல்லூரி. அங்கே அவருக்கு வாய்த்த குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவன், ஆறடி நாலங்குல ஒட்டகச்சிவிங்கி. அந்தக் காலத்தில் நடுவில் நிற்பவன் பந்தைத் தரையோடு பின்னால் உருட்டிவிடுவான், குவார்ட்டர்பேக் குனிந்து பொறுக்கிக்கொள்ள வேண்டும். இவன் குனிந்து நிமிர்வதற்குள் எதிரி வந்து மேலே விழுந்துவிடுகிறான். ஹைஸ்மன் யோசித்தார். இவன் குனிய வேண்டாம், பந்தை மேலே எறி என்றார். அவ்வளவுதான்! இன்று ஒவ்வொரு ஆட்டத்திலும், ஒவ்வொரு முறையும், கோடிக்கணக்கான பேர் பார்க்கும் அந்த முதல் அசைவு ஒரு நெட்டைப் பையனின் முதுகுவலியிலிருந்து வந்தது.

1895-ல் தெற்கே இறங்கி அலபாமா மாநிலத்து ஆபர்ன் வந்து சேர்ந்தார். இங்கேதான் நமது ராஜபார்ட் முழு வேஷத்தில் வெளிப்படுகிறார். பயிற்சியின்போது கையில் மெகாஃபோன், வாயில் மேடைத் தமிழ் போல மேடை ஆங்கிலம். வந்த முதல் ஆண்டே வாண்டர்பில்ட்டுக்கு எதிராக ஒரு மாயாஜாலம். ஆபர்ன் பையன்கள் கும்பலாக நெருக்கி ஒரு வளையம் கட்டுகிறார்கள். உள்ளே டிச்சனர் என்ற குவார்ட்டர்பேக் பந்தை ஜெர்சிக்குள் திணித்துக்கொள்கிறான். கும்பல் ஒரு பக்கமாக ஓடுகிறது. பந்து அதற்குள்தான் இருக்கிறது என்று நம்பி வாண்டர்பில்ட் முழுவதும் பின்னாலேயே ஓடுகிறது. இங்கே ஒற்றை முழங்காலில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்த டிச்சனர், மெதுவாக எழுந்து, வயிற்றைத் தடவிக்கொண்டே போய் டச்டவுன்! (வயிற்றைத் தடவியது என் கற்பனை, மன்னிக்கவும், அடக்க முடியவில்லை.) ஆட்டத்தில் ஆபர்ன் என்னவோ 9–6 என்று தோற்றது. அதனால் என்ன? எட்டு ஆண்டுகள் கழித்து, 1903-ல், பாப் வார்னர் என்ற இன்னொரு ஜகஜ்ஜாலக் கோச் இதே வித்தையைச் செவ்விந்திய மாணவர்களின் கார்லைல் பள்ளி அணிக்குக் கற்றுக்கொடுத்து, ஹார்வர்ட் கண்ணில் மண்ணைத் தூவினார். அவர் ஒரு படி மேலே போய் ஜெர்சியின் பின்புறத்தில் எலாஸ்டிக் வைத்தே தைத்திருந்தார். அவருடைய அணியும் 12–11 என்று தோற்றது! இந்த வித்தைக்கு இப்படி ஒரு ராசி.

அதே 1895-ல் இன்னொரு காட்சி, இந்த முறை ஹைஸ்மன் பார்வையாளர். அட்லாண்டாவில் வட கரோலினாவும் ஜார்ஜியாவும் ஆடுகின்றன. ஜார்ஜியாவின் கோச் நம் பாப் வார்னரேதான். வட கரோலினாக்காரன் ஒருவன் பந்தை உதைக்கப் போகிறான், எதிரிகள் பாய்ந்து வருகிறார்கள், பதறிப்போய்ப் பந்தை முன்பக்கமாக எறிந்துவிடுகிறான். ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் என்பவன் அதைப் பிடித்து 70 யார்டு ஓடி டச்டவுன் போடுகிறான். முன்பக்கம் எறிவது அன்றைக்குச் சட்டவிரோதம். வார்னர் குதிக்கிறார். ரெஃப்ரியோ, அவன் எறிந்ததை நான் பார்க்கவில்லையே என்று கையை விரிக்கிறார். ஆட்டமே 6–0 என்று முடிந்தது.

எல்லோரும் சண்டையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஹைஸ்மன் பார்த்தது பந்தை. அது காற்றில் போன வழி அவர் மனத்தில் தங்கிவிட்டது. அந்த நாளில் ஃபுட்பால் என்பது மனிதக் குவியல் மேல் மனிதக் குவியல். பையன்கள் கைகோத்து ஆப்பு வடிவத்தில் பாய்வதும், அடியில் சிக்கியவன் நசுங்குவதும் வாடிக்கை. பந்து காற்றில் போக அனுமதித்தால் ஆட்கள் மைதானம் முழுக்கப் பரவித்தானே ஆக வேண்டும்? விதிக்குழுவின் பெரியவர் வால்ட்டர் கேம்ப்புக்குக் கடிதம் எழுதினார். பெரியவர் அசையவில்லை. மறுபடியும் எழுதினார். 1905 சீசனில் குறைந்தது 18 பேர் இறந்து, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசும் அளவுக்கு ஊர் கொதித்த பிறகுதான் 1906-ல் முன்னெறிதல் சட்டத்தில் இடம்பிடித்தது. ஹைஸ்மன் தனியாகச் சாதித்தார் என்று சொல்ல மாட்டேன். விடாமல் கதவைத் தட்டியவர்களில் முதல் வரிசையில் நின்றார், அது உறுதி.

ஆபர்னைவிட்டுக் கிளம்புமுன் 1896-ன் அந்த ராத்திரியைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மறுநாள் ஜார்ஜியா டெக்கோடு ஆட்டம். எதிரணி ரயிலில் வருகிறது. ஆபர்ன் மாணவர்கள் நள்ளிரவில் விடுதியிலிருந்து நழுவி, தண்டவாளம் நெடுகக் கொழுப்பைத் தடவிவிட்டார்கள். காலையில் வந்த ரயில் பிரேக் போட்டும் நிற்காமல் ஸ்டேஷனைத் தாண்டி வழுக்கிக்கொண்டே போய், லோச்சபோகா பக்கம் ஐந்து மைல் தள்ளித்தான் நின்றதாம். டெக் பையன்கள் பெட்டி படுக்கையோடு நடந்தே திரும்பி வந்து மைதானத்தில் இறங்கினார்கள். 45–0! இதை நினைவுகூர்ந்து ஆபர்னில் இரவு உடையோடு ஊர்வலம் போகும் வழக்கம் பிறந்தது. கொழுப்புத் திட்டத்தில் வாத்தியாருக்குப் பங்கு இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

அந்த ஆட்டம் ஜெயித்தது, அடுத்த ஆண்டு கஜானா தோற்றது. ஆபர்ன் விளையாட்டுக் கணக்கில் 700 டாலர் கடன். அடுத்த சீசன் நடக்குமா என்பதே சந்தேகம். வேறு கோச்சாக இருந்தால் முன்னாள் மாணவர்களிடம் நன்கொடை ரசீதோடு போயிருப்பார். நம்மவர் நாடகம் போட்டார்! 1897-ல் 'டேவிட் கேரிக்' என்ற நகைச்சுவை நாடகம். தயாரிப்பும் அவரே, இயக்கமும் அவரே. வசூல் கடனை அடைத்து, அணி உயிர்பிழைத்தது.

நாடகத்தின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள், காரணம் இருக்கிறது. டேவிட் கேரிக் லண்டனின் பெரிய நடிகர். ஒரு பணக்கார வீட்டுப் பெண் அவரை மேடையில் பார்த்து மயங்கிவிடுகிறாள். அப்பா வந்து, ஐயா, என் பெண்ணுக்கு உம்மேல் இருக்கும் மயக்கத்தை நீரே தெளிய வைக்க வேண்டும் என்று மன்றாடுகிறார். கேரிக் விருந்துக்குப் போய்க் குடிகாரனாக நடித்து, தள்ளாடி, உளறி, எல்லோரையும் முகம் சுளிக்க வைக்கிறார். விருந்தில் இருப்பவர்கள் பார்ப்பது கேரிக்கை அல்ல, கேரிக் போடும் வேஷத்தை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தே ஆண்டில் இதே காட்சி ஓர் ஓட்டலில் மீண்டும் அரங்கேறப் போகிறது.

இடையில் ஒரு தக்காளிப் பருவம். ஆமாம், தக்காளி! டெக்சஸ் மாநிலத்தில் நிலம் பிடித்துத் தக்காளி பயிரிட்டு, கையிலிருந்ததைத் தொலைத்தார். தென் கரோலினாவின் கிளெம்சன் கல்லூரிப் பேராசிரியர் வால்ட்டர் ரிக்ஸ், ஆபர்னில் படித்து ஆடியவர், அவரைத் தேடிப் பிடித்தார். சம்பளத்துக்காக ரிக்ஸ் ஊரெல்லாம் வசூலித்துச் சேர்த்தது 415 டாலர் 11 சென்ட். அந்தப் 11 சென்ட்டைப் போட்ட புண்ணியவான் யாரோ! 1900-ல் கிளெம்சன் ஒரு தோல்விகூட இல்லாமல் சீசனை முடித்தது.

இப்போது அந்த ஓட்டல். 1902, அட்லாண்டா. மறுநாள் கிளெம்சனுக்கும் ஜார்ஜியா டெக்குக்கும் ஆட்டம். முந்தின நாளே கிளெம்சன் பையன்கள் வந்து இறங்கிவிட்டார்கள். டெக் ரசிகர்களுக்குத் தாங்க முடியாத விருந்தோம்பல் உணர்ச்சி. வாங்க தம்பி, குடிங்க தம்பி, ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் வாங்க என்று விடிய விடியக் கொண்டாட்டம். தள்ளாடும் பையன்களைப் பார்த்துவிட்டு டெக் ஆட்கள் தைரியமாகப் பந்தயப் பணத்தைக் கட்டினார்கள். காலையில் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியது கிளெம்சனின் நிஜ அணி! அட்லாண்டாவுக்கு வெளியே லூலா என்ற சின்ன ஊரில் இரவெல்லாம் நிம்மதியாகத் தூங்கிவிட்டு, முகம் பளபளக்க வந்திருந்தது. ராத்திரி கூத்தடித்தவர்கள் மாற்று ஆட்டக்காரர்கள். வாத்தியார் அனுப்பிய துணை நடிகர்கள். 44–5 என்று கிளெம்சன் ஜெயித்தது. விருந்து, குடி, பாவனை, ஏமாந்த விருந்தாளர்கள் — டேவிட் கேரிக் மொத்தமும் இதில் இல்லையா? இந்த முடிச்சை நான்தான் போடுகிறேன், ஹைஸ்மன் எங்கும் சொல்லவில்லை. ஆனாலும் கேரிக் வேஷம் தெரிந்தவருக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

ஆப்பிளுக்கு வேஷம் உண்டு என்றேனே! 1903-ல் கிளெம்சன் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தை 29–0 என்று தோற்கடித்தது. ஜார்ஜியா ஆட்களுக்கு ஒரே கவலை: நம் ஜென்ம விரோதி ஜார்ஜியா டெக் இதைவிடக் கேவலமாகத் தோற்க வேண்டுமே! கிளெம்சனிடம் ஒரு பேரம் பேசினார்கள். டெக்கை 29-க்கு மேல் எத்தனை பாயிண்டில் அடிக்கிறீர்களோ, ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரு பெரிய கூடை ஆப்பிள். ஹைஸ்மன் அணி 73–0 என்று அடித்தது. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், 44 கூடை. பழம் தின்னக் கூடாது என்ற வாத்தியாரின் கொட்டிலில் பழக்குவியல்!

அடி வாங்கிய டெக்குக்கு அப்போதுதான் புத்தி வந்தது. இவரை எதிரே நிறுத்திக்கொண்டு பிழைக்க முடியாது, பக்கத்தில் நிறுத்திக்கொள்வோம். ஆண்டுக்கு 2,250 டாலரும் டிக்கெட் வசூலில் 30 சதவீதமும் தருகிறோம் என்று அழைத்தார்கள். வசூலில் பங்கு! நாடகக் கம்பெனிக்காரருக்கு இதைவிட இனிக்கும் ஷரத்து உண்டா? 1904-ல் போனவர் 1919 சீசன்வரை இருந்தார். ஃபுட்பால் மட்டுமில்லை, பேஸ்பால், கூடைப்பந்து எல்லாவற்றுக்கும் அவரே கோச். கோடையில் சொந்த நாடகக் குழு. 1903-ல் அவர் மணந்த எவ்லின் காக்ஸும் நடிகைதான், வீட்டிலும் மேடைதான்.

இனி சொல்லப்போவது 222–0. இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல முயல்கிறேன்.

1916 அக்டோபர் 7. டென்னசி மாநிலத்தின் கம்பர்லேண்ட் கல்லூரி ஃபுட்பால் அணியையே கலைத்துவிட்டது. ஆனால் டெக்கோடு ஆடுவதாக முன்பே போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. வராவிட்டால் 3,000 டாலர் அபராதம், வந்தால் 500 டாலர் சன்மானம் என்று ஹைஸ்மன் விடாப்பிடியாக நின்றார். ஏன் இந்த வன்மம்? முன்பு பேஸ்பாலில் கம்பர்லேண்ட் டெக்கை 22–0 என்று சாத்தியிருந்தது. சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறை ஆட்களை மாணவர்கள் என்று சொல்லி இறக்கிவிட்டார்கள் என்பது ஹைஸ்மனின் சந்தேகம். வேஷம் போடுவதில் கரைகண்டவரிடமே வேஷம் போட்டால் விடுவாரா? இன்னொரு கோபமும் உண்டு. எந்த அணி அதிக பாயிண்ட் குவித்தது என்று கூட்டிப்பார்த்துச் சிறந்த அணியைத் தீர்மானிக்கும் பத்திரிகைக்காரர்கள் மேல். பாயிண்ட்தானே வேண்டும், இந்தாருங்கள் என்று காட்ட நினைத்தார்.

ஜார்ஜ் ஆலன் என்ற மாணவர், தன் நண்பர்களையும் சகாக்களையும் திரட்டி ஓர் அணி என்ற பெயரில் அட்லாண்டாவுக்குக் கூட்டி வந்தார். (இந்த ஆலன் பின்னாளில் வாஷிங்டனில் ஜனாதிபதிகளின் தோழராக வலம்வந்தவர். அன்று பட்ட அனுபவம் அரசியலுக்கு உதவியிருக்கும்.) முதல் கால்பகுதி முடிவில் 63–0. பாதி ஆட்டத்தில் 126–0. இடைவேளையில் வாத்தியார் பையன்களைக் கூப்பிட்டு முகத்தில் சிரிப்பே இல்லாமல் எச்சரித்தாராம்: முன்னிலையில் இருக்கிறோம், உண்மைதான், ஆனால் கம்பர்லேண்ட் என்ன சூழ்ச்சி வைத்திருக்கிறதோ, ஜாக்கிரதை! இரண்டாம் பாதியின் நேரத்தைக் குறைத்துக் கருணை காட்டியும் 222. மொத்தம் 32 டச்டவுன். டெக் ஒரு முறைகூடப் பந்தை முன்னே எறியவில்லை, எறியத் தேவையே வரவில்லை. ஒரு கட்டத்தில் கம்பர்லேண்ட் பையன் ஒருவன் பந்தைத் தவறவிட்டு, "எடுடா!" என்று கத்தினானாம். பக்கத்தில் இருந்தவன், "நீதானே போட்டே, நீயே எடு!" என்றானாம். ஊர் சொல்லும் கதை. நிஜமாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஹைஸ்மன் கதையில் எனக்குப் பிடிக்காத நாள் இதுதான். குளிக்க வந்தவனைக் கிணற்றில் தள்ளிய மாதிரி. மற்ற வித்தைகளில் எதிரிக்கும் ஒரு பாத்திரம் இருந்தது. ஏமாந்தாலும் அடுத்த நாள் சிரிக்கலாம். இங்கே எதிரே ஆட வந்தவர்கள் நடிக்கக்கூட வாய்ப்பில்லாமல் நின்றார்கள். அடுத்த ஆண்டு டெக் ஒன்பது ஆட்டத்தையும் ஜெயித்து, 491 பாயிண்ட் எடுத்து, 17 மட்டுமே விட்டுக்கொடுத்து, தேசிய சாம்பியன் ஆனது. அதுதான் பெருமை. ஆனால் ஊர் நினைவில் வைத்திருப்பது 222-ஐத்தான். அந்த ஆட்டத்தின் பந்து 2014-ல் ஏலத்தில் 40 ஆயிரம் டாலருக்கு மேல் போனது!

1919-ல் கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஒரே ஊரில் இருந்தால் விருந்துகளில் சந்தித்துச் சங்கடப்பட நேரும். ஆகவே எவ்லின் எந்த ஊரில் இருக்க விரும்புகிறாரோ அந்த ஊரைவிட்டுத் தான் போய்விடுவதாக ஹைஸ்மன் சொன்னார். எவ்லின் அட்லாண்டாவைத் தேர்ந்தெடுத்தார். பதினாறு சீசன் கட்டி எழுப்பிய அணியை அப்படியே விட்டுவிட்டு, வாத்தியார் ரயிலேறினார். நடிப்பு அல்ல, இது நிஜம். பென்சில்வேனியா, வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன், டெக்சஸில் ரைஸ் என்று சில ஆண்டுகள். 1924-ல் ஈடித் கோலை மணந்தார். பக்டெல் நாட்களிலேயே பழக்கமானவர். 1927-ல் கோச் வேலைக்குத் திரை விழுந்தது.

கடைசி அங்கம் நியூயார்க். டவுன்டவுன் அத்லெடிக் கிளப்பில் விளையாட்டுத்துறை இயக்குநர். கிளப்புக்கு ஒரு யோசனை, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரனுக்குப் பரிசு தரலாமே என்று. ஹைஸ்மனுக்கு முதலில் இது ரசிக்கவில்லை. பதினொரு பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருத்தனுக்கு மட்டும் சிலையா? கம்பெனி நாடகம் நடத்தியவருக்கு அந்த எரிச்சல் வந்ததில் ஆச்சரியமில்லை. இருந்தாலும் 1935-ல் பரிசு பிறந்தது. முதலில் வாங்கியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். 1936 அக்டோபர் 3-ல் ஹைஸ்மன் நிமோனியாவில் இறந்தார். உடனே கிளப் அந்தப் பரிசுக்கு அவர் பெயரையே சூட்டிவிட்டது. வேண்டாம் என்று முணுமுணுத்தவரின் தலையிலேயே கிரீடம்!

அந்தச் சிலைக்கும் ஒரு கொல்லைப்புறம் இருக்கிறது. பெர்வாங்கரின் அத்தை வீட்டில் அது நெடுநாள் கதவு காற்றில் அடித்துச் சாத்திக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கப் பயன்பட்டது. செய்தவர் ஃபிராங்க் எலிஸ்கு, அப்போது வயது 23. ஓடும் வீரனின் நிலைக்கு ஆள் வேண்டுமே என்று பள்ளித் தோழன் எட் ஸ்மித்தைக் கூப்பிட்டார். நியூயார்க் பல்கலைக்கழக அணியில் ஆடியவர். ஸ்மித்தும் நண்பனுக்காக வந்து நின்று போஸ் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அமெரிக்காவே ஆண்டுதோறும் டிசம்பரில் கண்கொட்டாமல் பார்க்கும் அந்த வெண்கல உடம்பு தன்னுடையது என்பது அவருக்குத் தெரியவந்தது 1982-ல். அதுவும், இந்தச் சிலைக்கு யாரப்பா நின்றது என்று ஓர் ஆவணப்படக்காரர் எலிஸ்குவிடம் கேட்டதால்!